செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் ஏறிய சர்க்கரை

பழங்காநத்தம், மதுரை 3
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை பகல்

அன்பு மகள் சத்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மீனாட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இந்த மனுஷனுக்குத் தாளும் கவரும் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பின்னாலேயே வந்து என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நிற்பாள், உனக்குத் தெரியாததா. அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்கு வேறு வழி தெரியவில்லை. முதலில் ஊர்ச் செய்தியை முடித்துவிடுகிறேன். மேலூர் மலையாண்டி சித்தப்பா மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை கோயம்புத்தூரில் வேலை, பத்திரிகை வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனதோடு சரி, மாடியில் கால் வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை, நன்றாக வேலை செய்கிறது.

போன தடவை நீ கேட்டாயே, சர்க்கரை பார்க்கும் மீட்டர் பழுதா இல்லை உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையா என்று, கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். உனக்கு முழுக் கதையும் தெரியாது. கார்த்திகையில் டாக்டர் மாத்திரை போதவில்லை என்று சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், மீட்டர் முந்நூறுக்கு மேல் காட்டினால் வழக்கமான அளவோடு ஆறு யூனிட் சேர்த்துப் போட வேண்டும் என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார். நானும் ஒழுங்காகப் பார்த்து நம்பரைத் தினசரி காலண்டர் தாளில் எழுதி வந்தேன். தை பிறந்ததும் திருமங்கலம் வெல்ல மண்டியிலிருந்து ராதாகிருஷ்ணன் கூப்பிட்டார், அண்ணே, செவ்வாயும் வெள்ளியும் ஏலம், நீங்க வந்து சரக்கப் பாத்துத் தரம் மட்டும் சொல்லிருங்க என்று. நாற்பது வருஷம் செய்த வேலை, வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் பேச்சு வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல் என்று கிளம்பிவிட்டேன். காலையில் பஸ் ஏறினால் பன்னிரண்டு மணிக்கு வீடு. வந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்திப் பார்ப்பேன், ஊசி போடுவேன், அப்புறம் கை கழுவிச் சாப்பிட உட்காருவேன்.

மற்ற நாளெல்லாம் நூற்று முப்பது, நூற்று ஐம்பது என்று பசு மாதிரி இருக்கும் சர்க்கரை செவ்வாய்க்கிழமை முந்நூற்று எழுபத்திரண்டு காட்டியது. வெள்ளிக்கிழமை நானூற்றுப் பதினொன்று. அடுத்த வாரமும் அதே கதை. மண்டிக்குப் போற சாக்குல பருத்திப்பால் குடிச்சிட்டு வாரீங்க, எனக்குத் தெரியாதா என்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். பிள்ளை மேல் ஆணையாக ஒரு மடக்கு குடிக்கவில்லை. ஸ்ட்ரிப் டப்பாவில் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்தோம், முடியவில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பேட்டரி மாற்றினோம். புதிதாக இன்னொரு மீட்டர் வாங்கி ஒரே விரலில் இரண்டிலும் பார்த்தோம், ஒன்று முந்நூற்று எண்பத்தெட்டு, மற்றது நானூற்று இரண்டு. இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். நம் தெருமுனை லேபில் இருக்கிறதே ரோகிணி என்கிற பெண், அது ஒரு புதன்கிழமை காலையில் வந்து பார்த்தது. மீட்டரில் நூற்று முப்பத்தொன்று, கையில் எடுத்த ரத்தத்தில் நூற்று இருபத்து நாலு. வீட்டு மீட்டர்னா நூத்துக்குப் பதினஞ்சு முன்னப்பின்ன காட்டும் பெரியப்பா, அது தப்பில்ல, ஒங்க மெஷின் நல்ல மெஷின் என்று சொல்லிவிட்டுப் போனது. மெஷின் பொய் சொல்லவில்லை, நான் திருடித் தின்னவில்லை, அப்புறம் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் எங்கிருந்து வருகிறது இது என்றேன். உன் அம்மா காலண்டர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது சொல்லப் போவதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. மாசி மாதம் ஒரு வெள்ளி, சாப்பிட்டுவிட்டுப் பின்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், மூன்று மணி இருக்கும், அம்மா உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். திடீரென்று சட்டை நனைகிற மாதிரி வியர்த்தது. ரோட்டில் பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு டிவி, காக்காய்ச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வந்தது, வெயில் மட்டும் அப்படியே இருந்தது. மோட்டார் ரூம் சுவரைக் காணவில்லை. அந்த ரூம் கட்ட நாம் வெட்டிப் போட்ட முருங்கை மரம் அதே இடத்தில் நின்றது. அதன் அடியில் பழைய குழாய். குழாயடியில் பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒரு பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இரட்டைச் சடையில் ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்படிக் கோணலாகப் பின்னுகிறவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான், அதுவும் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் பின்னியிருக்கிறேன். உன் தங்கை தமிழ்வாணி, சத்யா. ஒன்பது வயதில் போனவள் ஒன்பது வயதிலேயே நின்றாள். பயமாக இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் அவள் போய்விடுவாளே என்கிற பயம்தான் அதிகம்.

கண் திறக்கும்போது அம்மா என் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியதில் பாதி சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. மீட்டரில் நாற்பத்தாறு என்றாள். நானூறு இருந்தது மூன்று மணி நேரத்தில் நாற்பத்தாறாம். அதை விடு, பின்புறக் குழாய் முழுசாகத் திறந்து, வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் என் நாற்காலி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. ஏன் தொறந்து விட்டீங்க என்று அம்மா கத்தினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் இரண்டு பாதமும் காய்ந்துதான் இருந்தன, நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய், சித்திரையில் ஒரு வெள்ளி, மறுபடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினாள், கன்னம் வரைக்கும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் குழாய் திறந்து கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மயக்கத்தில் வாணி வாணி என்று முனகியிருக்கிறேன் போல. உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செக்கானூரணிப் பக்கம் குறி சொல்லும் ஒச்சம்மாளிடம் போய்விட்டாள். அந்த அம்மா இவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, வீட்டுல கன்னி ஒண்ணு நிக்கிது, தண்ணி தண்ணிங்குது என்று சொன்னதாம். கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளை வீட்டுத் தெய்வமாகும் என்பது நம் பக்கத்து வழக்கம்தானே, செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு உரிய நாள்தானே. பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் வாங்கி வைத்து விளக்குப் போட்டு, வெல்லம் தட்டிப் போட்டுச் சோறு பொங்கினாள். சர்க்கர நோயின்னு நாம ஒண்ணும் குடுக்காம, இனிப்புக்கு ஏங்கி ஏங்கிச் செத்த பிள்ளைங்க அவ, அதான் ஒங்க ரத்தத்துல இனிப்பா வாறா என்று அவள் சொன்னபோது எனக்கு ரோமம் எல்லாம் நின்றுவிட்டது. போடி பைத்தியக்காரி என்று திட்டினேன். ஆனால் அன்று அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது நான்தான்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளி, நான் மண்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ரோகிணி ரத்தம் எடுக்க வந்தது. போன தடவ எடுத்த ரத்தத்துல மூணு மாசச் சராசரி ஏழுதான் வருது பெரியப்பா, அது நூத்தம்பது கணக்கு, நீங்க நானூறு நானூறுன்னு எழுதி வச்சிருக்கீங்க, எங்கயோ ஒதைக்குதே, எம் முன்னாடி ஒருக்கா பாருங்க என்றது. ஸ்பிரிட்டால் துடைத்தேன், குத்தினேன், முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. அது என் இடது கையை வாங்கி மோதிர விரலைத் தடவிப் பார்த்தது. என்ன பெரியப்பா, வெரலு இம்புட்டுப் பிசுபிசுன்னு இருக்கு, கையக் கழுவலயா என்றது. சாப்பிடத்தானே கழுவணும், குத்துறதுக்குத்தான் ஸ்பிரிட் போட்டாச்சே என்றேன். இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, நன்றாகத் துடைத்து, அதே விரலில் மறுபடி குத்தியது. நூற்று ஐம்பத்தொன்று. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையில் எடுத்த ரத்தம் லேபில் நூற்று நாற்பத்தாறு. உனக்குத்தான் தெரியுமே, வெல்லத்தை உடைத்து இடது கைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்துத்தான் தரம் சொல்வேன், வலது கையில் பேனா இருக்கும். ஒரு ஏலத்தில் அறுபது எழுபது மூட்டை. அம்புட்டும் வெல்லம் பெரியப்பா, ஸ்பிரிட்டுக்குக் கிருமிதான் சாகும், இனிப்பு முழுசாப் போகாது, மீட்டரு எடுக்குறது கடுகளவு ரத்தம், அதுல தூசி வெல்லம் பட்டாலும் ஏறிரும் என்றது. இல்லாத சர்க்கரைக்கு ஆறு யூனிட் போட்டு, இருந்த சர்க்கரையையும் இறக்கிவிட்டிருக்கிறேன். அப்படி இறங்குனா மூளை என்னென்னமோ காட்டும், இல்லாத ஆளெல்லாம் வரும் என்றும் சொன்னது. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நானும் சிரித்தேன். அந்தக் குழாயை யார் திறந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சத்யா, என் சிரிப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்தான். நாற்காலியில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று நெஞ்சில் ஒன்று விழுந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் வாணிக்கு வீட்டில் எப்படிச் சர்க்கரை பார்த்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. அப்போது நம் வீட்டில் ஏது மீட்டர். கண்ணாடிக் குழலில் நீல மருந்தை ஊற்றி, அவள் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் ரொம்ப இருக்கிறது. நான்தான் பார்ப்பேன், வேறு யாரையும் தொடவிடமாட்டேன், என்னைப் போலப் பார்க்க ஆள் கிடையாது என்று ஒரு கர்வம். குழலின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்குவேன். அவள் போன அந்த வெள்ளிக்கிழமையும் மண்டியிலிருந்து மத்தியானம் வந்தேன், பிள்ளை சோர்ந்து படுத்திருந்தது, வந்த கையோடு குலுக்கிக் காய்ச்சிப் பார்த்தேன். செக்கச் செவேல் என்று செங்கல் நிறம். நாலு யூனிட் கூடப் போட்டேன். நாலு மணிக்கு எழுப்பினோம், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். சிவப்பாத்தானே இருந்துச்சு, நான் என்ன செய்வேன் என்று அன்றைக்குச் சொன்னேன், உன் அம்மாவும் ஆமா, சிவப்பாத்தான் இருந்துச்சு, நானும் பாத்தேன் என்று எல்லோரிடமும் எனக்காகச் சொன்னாள். இத்தனை வருஷம் அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருந்தேன். அந்தச் சிவப்பு என் பிள்ளையிடமிருந்து வந்ததில்லை, என் கட்டைவிரலிலிருந்து வந்தது. இருக்காது, வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று எத்தனையோ விதமாக மனசைத் தேற்றிப் பார்த்துவிட்டேன், முடியவில்லை. நான்தான் கொன்றேன், தாயி.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்கு நீ என்னைத் திட்டு, நன்றாகத் திட்டு. போன செவ்வாய் மண்டியிலிருந்து வந்தேன், குழாயடியில் அம்மா புதிதாக வைத்த சோப்பு டப்பாவைப் பார்த்தேன், கழுவவில்லை. தெரிந்தே கழுவவில்லை. மீட்டர் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு காட்டியது. பொய் என்று தெரிந்தே ஆறு யூனிட் சேர்த்துப் போட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு எண்ணம் இல்லை, சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. மூன்று மணிக்குச் சத்தமெல்லாம் அடங்கியது. முருங்கை மரம் வந்தது. இந்தத் தடவை வாணி குழாயடியில் இல்லை, பின்வாசல் நடையில் பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் நாற்பது வயது ஆள் ஒருவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் குழலைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் வெல்லத் தூள். அது நான். பழைய குழாயடியில் நின்றுகொண்டிருந்தது யார் தெரியுமா, அதுவும் நான்தான், இப்போதைய நான். கையக் கழுவுடா, கழுவுடா என்று தொண்டை கிழியக் கத்தினேன், குழாயைத் திறந்து தண்ணீரில் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிள்ளைதான் திரும்பியது. முழு முகமும் தெரிந்தது. என்னை நேராகப் பார்த்து, அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, என்னமோ சொன்னது.

உன் அம்மா வந்து குளுக்கோஸ் கொடுத்துக் கூட்டி வந்தாள், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தாள் என்றால் இந்தக் கடிதம் இல்லை. கழுவ மறந்துவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். குழாய் அன்றைக்கும் திறந்துதான் கிடந்தது. அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, இருபத்தேழு வருஷமாக ஒரு நாளும் வராத ஞாபகம். அன்றைக்கு வாணி என் வேட்டியைப் பிடித்து இழுத்து, அப்பா, கொழாகிட்ட ஒரு தாத்தா நின்னு கத்துறாரு, கையக் கையக் காட்டுறாரு என்று சொன்னாள். யாரும் இல்லடா, கண்ண மூடிப் படு என்றேன். அன்று பள்ளிக்கூடம் லீவு, நீ நோட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, ஆமாப்பா யாருமே இல்ல என்று சொன்னாய்.

உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் நம் நேரம் பன்னிரண்டரைக்குப் போன் செய், அங்கே ராத்திரி ஏழு மணி, வேலை முடிந்து வந்திருப்பாய். கழுவிட்டேன் என்று நான் சொன்னால் நம்பாதே, தண்ணீர்ச் சத்தம் கேட்டாலும் நம்பாதே, அந்தக் குழாய் என் கை படாமலும் திறக்கிறது. வீடியோவில் சோப்பு நுரையோடு கையைக் காட்டச் சொல். துடைத்துக் காய்ந்த விரலில் பார்க்கச் சொல். முந்நூறு என்று வந்தால் ஊசியைத் தொடவிடாமல் மறுபடி கழுவி வேறு விரலில் பார்க்கச் சொல். உனக்கும் நாற்பது ஆகப் போகிறது, பழம் நறுக்கின கையோடு நீயும் குத்திப் பார்த்து ஏமாந்துவிடாதே, வருஷத்துக்கு ஒரு தடவை லேபிலும் பார்த்துக்கொள். மண்டி வேலையை விட்டுவிடச் சொல்வாய், ராதாகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டேன், இன்றோடு சரி. ஆனால் இன்றைக்குப் போய்விட்டு வந்தேன். வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன், தாளின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டியிருப்பது அதுதான். மீட்டர் பக்கத்தில் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது, நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒன்றே ஒன்று எனக்குச் சொல்ல வேண்டும். வாணி அன்றைக்கு அப்படிச் சொன்னாளா, நீ போய்ப் பார்த்தாயா, இல்லை சர்க்கரை இறங்கிய மூளை இதையும் சேர்த்துக் கட்டிவிட்டதா. மூளைதான் கட்டியது என்றால் நான் பிழைத்தேன், அழுதுவிட்டு மிச்ச நாளைக் கழித்துவிடுவேன். அவள் உண்மையிலேயே சொல்லியிருந்தால் என் சத்தம் அங்கே கேட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் கத்தினால் அவன் காதிலும் விழுந்துவிடும், குழலைக் கீழே வைத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அது தோன்றுகிற வரைக்கும் என்னைத் தனியாக விடாதே. நடந்தது எதுவானாலும் அவள் சொல்லவே இல்லை என்று எழுது, ஆத்தா.

சோறு ஆறுகிறது என்று உன் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். எழுந்து குழாயடிக்குப் போகிறேன், கழுவத்தான் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், பேரன் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துத் தடவிக் கொடு. பதில் போடத் தாமதிக்காதே, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இப்படிக்கு உன் அப்பா,
அழகுமலை